முன்வரிசை டிக்கெட் எங்கே போகிறது?

"ஆன்லைன்ல யார் தோழர் சாதி பார்க்கிறாங்க?" கல்லூரித் தோழர்கள் அடிக்கடி வைக்கும் வாதம் இது. டீக்கடையில் பார்க்கிறார்கள், கோயில் வாசலில் பார்க்கிறார்கள், வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கட்டாயம் பார்க்கிறார்கள். ஆனால் செல்போனில் சினிமா டிக்கெட் எடுக்கும்போது எதிரில் ஆளே இல்லை. ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. முந்தி வந்தவருக்கு டிக்கெட், அவ்வளவுதான். ஆகவே வரலாற்றிலேயே முதன்முறையாகச் சாதியற்ற வரிசை ஒன்று நம் கைக்குள் வந்துவிட்டது என்கிறார்கள்.

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. கவுன்டர் வரிசை ஒன்றும் சமத்துவபுரமாக இருக்கவில்லை. இரும்புக் கம்பி போட்ட குகை மாதிரி ஒரு பாதை, அதற்குள் நூறு உடம்பு, வெளியே லத்தியோடு ஒரு காவலர், தோள்மேல் ஏறி நடந்துபோகும் நாலு முரடர்கள். பெண்களுக்குத் தனி வரிசை இருந்தும் முதல் நாளில் பெண்கள் வர முடியாது. உள்ளே டிக்கெட் கிழிப்பவருக்கு ஊரில் யார் வீட்டுப் பையன் யார் என்பது அத்துப்படி. 'ஃபுல்' என்று பலகை மாட்டிய ஐந்தாவது நிமிடம் அதே டிக்கெட் சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் எந்த வகுப்பு டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்று விசாரிப்பது நல்லது.

ஆனாலும் அந்த வரிசையில் ஒன்று இருந்தது. அறிஞர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் எழுதிய நூலில் இதைக் கவனித்திருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமா கொட்டகை. அங்கே எங்கே உட்காருவது என்பதை முடிவுசெய்தது பிறப்பு வரிசை அல்ல, வாங்கும் சக்தி. கோயிலிலும் கூத்திலும் இல்லாத ஒன்று இது. எல்லா ஊரிலும் அப்படியே நடந்தது என்று நம்ப நான் தயாரில்லை. ஆனால் அவர் சொன்னதன் சாரம் சரி. தரை டிக்கெட்டுக்கான சில்லறை கையில் இருந்தால் சேரிப் பையனும் உள்ளே போகலாம், மணலைக் குவித்து அதன்மேல் உட்காரலாம், மிராசுதார் பார்க்கும் அதே திரையைப் பார்க்கலாம். அவர் சோபாவில், இவன் தரையில். ஆனால் கதவு ஒன்று, படம் ஒன்று.

தரை டிக்கெட் பெஞ்ச் ஆனது, பெஞ்ச் முன்வரிசை நாற்காலி ஆனது. சென்னையின் பளபளக்கும் மல்டிபிளக்ஸ்களிலேயே முன்வரிசை 10 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தை உங்கள் அண்ணன்மார் சொல்வார்கள். கழுத்து வலிக்கும், ஆனால் குளிர்சாதனம் எல்லோருக்கும் ஒன்றுதான். இது முதலாளிகளின் கருணை அல்ல. தமிழ்நாட்டில் தியேட்டர் கட்டணம் அரசு ஒழுங்குபடுத்துகிற விஷயம். மல்டிபிளக்ஸ்களின் உச்சவரம்பு 120 ரூபாயாக இருந்ததை 2017 அக்டோபரில் 150 ஆக்கியதும் அரசாணைதான். ஆகவே மலிவு டிக்கெட் என்பது நாம் கேட்கும் பிச்சையல்ல. ஒரு பொதுக் கொள்கையின் மிச்சம் அது, அதன்மீது நமக்கு உரிமை இருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் ஆன்லைன் வரிசை சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது.

எப்படி என்பதைப் பார்ப்போம். பெரிய படம். முன்பதிவு திறக்கும் நேரம் அறிவிக்கப்படுகிறது, சில நேரம் அறிவிக்காமலே திறக்கிறது. நீங்கள் நுழைகிறீர்கள். ஒரு வட்டம் சுழல்கிறது, அல்லது 'காத்திருப்பு அறை' என்று ஒரு பக்கம் வருகிறது. இந்தக் காத்திருப்பு அறைகளில் பெரும்பாலும் ஒரு வழக்கம் உண்டு. திறப்பதற்கு முன்பே வந்து நிற்பவர்களைக் கலைத்துப்போட்டுக் குலுக்கல் முறையில் எண் கொடுப்பார்கள், பிறகு வருபவர்கள் வால்பக்கம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் குலுக்கலில் யாருக்கு எத்தனை சீட்டு? வீட்டில் வைஃபையும் லேப்டாப்பும் ஆளுக்கொரு போனும் உள்ளவருக்கு ஐந்து சீட்டு. அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் ஒற்றைப் போன் உள்ள வீட்டுக்கு ஒன்று, அதுவும் அன்றைய டேட்டா தீராமல் இருந்தால்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். முன்வரிசையில் இரண்டு இருக்கை பச்சையாகத் தெரிகிறது. தொடுகிறீர்கள். சில நிமிடங்களுக்கு அது உங்களுடையது, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பணம் கட்ட யுபிஐ செயலிக்குப் போக வேண்டும். பழைய போனில் நினைவகம் குறைவு, ஒரு செயலியைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏறுகிறது. பணம் கழிந்திருக்கிறது, டிக்கெட் இல்லை. 'சில வேலை நாட்களில்' திரும்ப வரும் என்று ஒரு குறுஞ்செய்தி. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு எரிச்சல். கூலிக்குப் போகிறவருக்கு அந்த 200 ரூபாய் அந்த வாரத்தின் அரிசி. அவர் இன்னொரு முறை முயல மாட்டார். அவர் விட்ட இடத்தில் வேறொருவர் உட்காருவார், செயலியைப் பொறுத்தவரை எந்தப் பாகுபாடும் நடக்கவில்லை. கம்பிக் குகையில் நெரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே விழுந்தவர் விழுந்ததே யாருக்கும் தெரியாது.

இனி கட்டணக் கணக்கு. ஆன்லைனில் எடுத்தால் டிக்கெட்டுக்கு மேல் 'வசதிக் கட்டணம்'. யாருடைய வசதி என்று கேட்காதீர்கள். சென்னையில் பரவலாகப் பழகிப்போன தொகை ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35 ரூபாய் 40 காசு. பின்வரிசையில் 190 ரூபாய் கொடுத்து உட்காருபவருக்கு இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்வரிசையில் 60 ரூபாய் கொடுப்பவருக்கு டிக்கெட் விலையில் பாதிக்கும் மேல். அந்தப் பழைய 10 ரூபாய் டிக்கெட்டின்மேல் இதே தொகையைப் போட்டால் மூன்றரை மடங்கு. ஒரே தொகையை எல்லோரிடமும் வாங்குவதால் இதற்குச் 'சமத்துவம்' என்று பெயர். ஏழையிடம் அதிக விகிதத்தில் பிடுங்கும் வரிக்குப் பொருளியல் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது, மாணவர் தோழர்கள் எடுத்துப் பாருங்கள்.

நேரக் கணக்கு இன்னும் மோசம். படம் வெளியாவதற்குச் சில நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. கட்டட வேலையிலும் பட்டறையிலும் வாரக் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. புதன்கிழமை விற்றுத் தீர்ந்த 60 ரூபாய் டிக்கெட்டை சனிக்கிழமைக் கூலியை வைத்து எடுக்க முடியாது. கவுன்டருக்கு வந்தால் மிச்சம் இருப்பது 190. "நாலு பேருக்கு எவ்வளவு?" என்று கேட்டு, மனதுக்குள் கூட்டிப் பார்த்து, பிள்ளைகளை வேறு எங்காவது அழைத்துப்போகும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்முடைய வாழ்க்கையைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்', 'மாமன்னன்' காலத்தில் பெருமைப்பட்டோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரத்தில் அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தவர்களில் பரியனின் அப்பா மாதிரி எத்தனை பேர் இருந்தார்கள்?

இவ்வளவும் தாண்டி, கையில் டிக்கெட்டோடு வந்துவிட்டாலும் வாசல் ஒன்று பாக்கி இருக்கிறது. 2023 மார்ச் 30. சென்னை ரோகிணி தியேட்டர், 'பத்து தல' படம். நரிக்குறவர் சமூகப் பெண்களும் குழந்தைகளும் டிக்கெட்டோடு வருகிறார்கள். வாசலில் மறிக்கப்படுகிறார்கள். கூட நின்றவர்கள் தட்டிக்கேட்டார்கள், காணொளி பரவியது, பிறகுதான் உள்ளே விட்டார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ், குழந்தைகளுக்கு வயது போதாது என்று தியேட்டர் தரப்பு விளக்கம் கொடுத்தது. அன்றைய விதிப்படி யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்றுதான் பொருளாக இருந்தது. எத்தனை கைக்குழந்தைகள் அதே மாதிரிப் படங்களில் அழுதுகொண்டிருப்பதை நாம் கேட்டிருக்கிறோம்! ஊழியர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

செயலியில் முகம் தெரியாது என்கிறீர்களே, அந்த முகம் தியேட்டர் வாசலில் தெரிந்தது. ஆன்லைன் வரிசை செய்ததெல்லாம் மறிக்கும் இடத்தை மாற்றியதுதான். பெரும்பாலோரைப் போனிலேயே வடிகட்டிவிடுவதால் வாசலில் மறிக்க வேண்டிய ஆட்கள் குறைகிறார்கள், காணொளிகளும் குறைகின்றன, 'இப்போ எல்லாம் யார் சாதி பார்க்கிறாங்க' என்று சொல்வதும் எளிதாகிறது.

"வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள், நீங்கள் சினிமா டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களா?" என்று ஒரு கோபம் வரும். வரட்டும். 1927இல் மகத் குளத்துக்கு அண்ணல் நம் மக்களை அழைத்துப்போனது தாகம் தீர்க்க மட்டும் அல்ல. அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காமல் நாம் செத்துப்போகவில்லை என்று அவரே அங்கே சொன்னார். பொது என்று பெயர் வைத்த இடம் நமக்கும் பொதுவா என்பதுதான் அங்கே கேள்வி. பொழுதுபோக்கு நமக்கு ஆடம்பரம், நமக்குத் துயரம் மட்டும்தான் அரசியல் என்று சொல்லும் பரிவு இருக்கிறதே, அதுவும் ஆதிக்கச் சாதி மனநிலையின் இன்னொரு முகம்தான்.

இதை அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. 15(2) பிரிவை எடுத்துப் படியுங்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். கிணறும் குளமும் அடுத்த வரியில். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலும், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பொழுதுபோக்கு இடம் இருக்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது 'கடை' என்றால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். தேடி வருகிறவருக்குச் சேவை தரத் தயாராக இருக்கும் எவரும் அதில் அடக்கம் என்ற விரிந்த பொருளைத்தான் அண்ணல் அம்பேத்கர் கொடுத்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில் அந்த விளக்கத்தை எடுத்துப் பயன்படுத்தியது. அப்படியானால் டிக்கெட் விற்கும் செயலி கடை இல்லாமல் வேறென்ன?

வழக்கறிஞர் தோழர்கள் உடனே குறுக்கிடுவார்கள். 15(2) சாதியின் பெயரால் விலக்குவதைத்தான் தடுக்கிறது, காசில்லை என்பதால் விலக்குவதை அல்ல. சட்டத்தின் எழுத்து அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். இதை நீதிமன்றத்தில் மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஆன்லைன் டிக்கெட்டுக்கு வசதிக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற மகாராஷ்டிர அரசாணைகளை ரத்து செய்தது. தொழில் நடத்தும் உரிமை பாதிக்கப்படுகிறது என்பது காரணம். வியாபாரியின் உரிமைக்கு 19(1)(g) இருக்கிறது, நல்லது. ஆனால் தினக்கூலியையும் சேரியையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாத நாட்டில், 'காசு இல்லாதவர்' என்ற சொல் யாரைக் குறிக்கும் என்று அரசுக்குத் தெரியாதா? வருமானத்திலும் வாய்ப்பிலும் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு முயல வேண்டும் என்று 38(2) சொல்வது யாருக்காக?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. குறைந்த வகுப்பு டிக்கெட்டில் ஒரு பங்கை ஆன்லைனில் போடாமல், காட்சி நாளன்று கவுன்டரில் ரொக்கத்துக்கு விற்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் குறைந்த வகுப்பு டிக்கெட்டின்மேல் வசதிக் கட்டணம் கூடாது, அல்லது அது டிக்கெட் விலையின் சிறு விகிதமாக இருக்க வேண்டும். விலைக்கு உச்சவரம்பு போடத் தெரிந்த அரசுக்கு இதுவும் தெரியும். ஆன்லைனை ஒழி என்று நாம் சொல்லவில்லை. கவுன்டரில் வாயைத் திறக்கக் கூசி, போனில் நிம்மதியாக டிக்கெட் எடுக்கிற நம் தங்கைகள் இருக்கிறார்கள், அந்த நிம்மதி அவர்களிடமே இருக்கட்டும். கவுன்டரை மூடாதே என்றுதான் சொல்கிறோம்.

ஊருக்கு இரண்டு தோழர்கள் போதும். தியேட்டருக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி மாவட்டங்களில் ஆட்சியர், சென்னையில் காவல் ஆணையர். அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ மனு எழுதுங்கள். உங்கள் ஊர்த் தியேட்டரின் பெயரைக் குறிப்பிட்டு, அதன் உரிமத்தின்படி மொத்த இருக்கை எத்தனை, குறைந்த வகுப்பு இருக்கை எத்தனை, அதற்கு அனுமதித்த கட்டணம் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் அங்கே ஆய்வு நடந்தது என்று கேளுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒரு காலத்து முன்வரிசை டிக்கெட்டின் விலை. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது, வெள்ளைத்தாள் போதும்.