தனியே ஓடும் பிள்ளையைத் தனியே விடலாமா?



இந்த வாரச் சிந்தனையை என் சொந்தத் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் சபைப் பெண்பிள்ளை ஒருத்தி ஆராதனைக்கு வரவில்லை. நாமக்கல்லில் நடந்த 800 மீட்டர் ஓட்டப்போட்டிக்குச் சென்றிருந்தாள். விடியுமுன் எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கினாள். ஓடி நான்காவதாக வந்து, இருட்டிய பின் தேவனூர் நாட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் வழியில் அவளைக் கண்டபோது, "நேற்று ஏன் அம்மா ஆலயத்துக்கு வரவில்லை?" என்றுதான் கேட்டேன். "ஓடப் போயிருந்தேன் ஐயா" என்றாள். பந்தயம் எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுடைய பெற்றோரின் இசைவோடு, பெயர் குறிக்காமல் இதை எழுதுகிறேன்.

அதன்பின் மூப்பர் சிலர் என்னிடம் பேசினார்கள். ஓய்வுநாளை ஓட்டத்துக்குக் கொடுக்கலாமா என்றார் ஒருவர். சரீர முயற்சியின் பயன் சிறிதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை இன்னொருவர் நினைவூட்டினார். கலியாணம் ஆகப்போகிற பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்றார் மற்றொருவர். இவற்றையெல்லாம் கேட்ட தகப்பனார், விளையாட்டு விடுதிக்கான தேர்வுக்கு மகளை அனுப்புவதா, இத்தோடு நிறுத்துவதா என்று கலங்கி நிற்கிறார். ஆகையால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவள் ஓட வேண்டும். நாம் அவளுக்குத் துணை நிற்க வேண்டும்.

ஓய்வுநாளைப் பற்றிய கேள்வியை நான் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காகப் பெரிய விலை கொடுத்தவர் எரிக் லிடெல். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், அதில் ஓட மறுத்தார். பின்பு 400 மீட்டர் ஓட்டத்தில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். இதுவரை நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதற்குப் பின் நடந்ததையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. அவர் சீன தேசத்துக்கு மிஷனெரியாகச் சென்றார். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவர் விளையாட்டுக் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு விளையாட்டுக்கு மட்டும் நடுவராயிருக்க மறுத்தார். ஆனால் ஒரு ஞாயிறன்று கண்காணிப்பார் இல்லாமல் விளையாடிய பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டார்கள். அதைக் கண்டபின், ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் அவர்கள் நடுவில் நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மரித்தார்.

தன் பதக்கத்துக்காகத் தளராத மனிதர், பிறர் பிள்ளைகளுக்காகத் தளர்ந்தார். தன் மனச்சாட்சியின் பாரத்தைத் தானே சுமந்தார். அதைச் சிறுபிள்ளைகளின் தோளில் ஏற்றவில்லை. ஆராதனையை அற்பமாக எண்ணுங்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டியின் நாளைக் குறிப்பது அந்தப் பிள்ளை அல்ல. ஆண்டில் ஓரிரு ஞாயிறு அவள் வர இயலாமற்போனால், சனிக்கிழமை மாலையில் அவள் வீட்டுக்குச் சென்று ஜெபித்து அனுப்புவது போதகனாகிய என் கடமை.

சரீர முயற்சியின் பயன் சிறிது என்று பவுல் எழுதியது உண்மையே. ஆனால் சிறிது என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. இம்மலையில் ஊழியம் செய்து 1929-இல் இங்கேயே காய்ச்சலால் மரித்த ஜெசி பிராண்ட் ஐயரைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் பிரசங்கம் மட்டும் பண்ணவில்லை. மருந்து கொடுத்தார், பள்ளி நடத்தினார், கைத்தொழில் கற்றுக்கொடுத்தார். இம்மலையில் வளர்ந்த அவருடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் மருத்துவரானார். சரீரத்தை அற்பமாக எண்ணாத அன்பின் வழியாகத்தான் சுவிசேஷம் இம்மலைக்கு வந்தது.

இனி, துணை நிற்பது என்றால் என்னவென்று காண்போம். ஓட்டம், தாண்டுதல், சதுரங்கம் போன்றவற்றைத் தனிநபர் விளையாட்டு என்கிறோம். களத்தில் ஒருவர் தனியே நிற்கிறார் என்பது மெய். ஆனால் களம்வரை எவரும் தனியே வந்து சேருவதில்லை.

மாரியப்பன் தங்கவேலுவை எண்ணிப் பாருங்கள். அவர் 1995-இல் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்தார். அந்நாளில் நாமக்கல் தனி மாவட்டமாகவில்லை. நம் மலையும் அவ்வூரும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் சரோஜா கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். மகனின் சிகிச்சைக்காகப் பெருங்கடன் பட்டார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், இந்தப் பையன் உயரம் தாண்டுவான் என்று கண்டுகொண்டார். 14 வயதில், ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாமிடம் பெற்றார். பின்பு பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரைப் பயிற்றுவித்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார்.

ரியோவில் வென்றபின் மாலையும் மேளமும் வந்தன. அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. அது தகும். ஆயினும் ஒரு கேள்வி கேட்போம். அந்தத் தாய் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தபோது, அவ்வீட்டின் பாரத்தில் ஒரு கைப்பிடி சுமக்க எத்தனை பேர் முன்வந்தார்கள்? வெற்றிக்குப் பின் வருகிற கூட்டத்தால் விளையாட்டு வீரர் உருவாவதில்லை. வெற்றிக்கு முன் இருந்த ஒரு தாயும் ஓர் ஆசிரியரும் ஒரு பயிற்சியாளருமே அவரை உருவாக்கினார்கள்.

கூட்டம் கைவிட்டபோது நேர்ந்ததையும் நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள். நம் பிள்ளை ஓடுகிற அதே 800 மீட்டர் ஓட்டத்தில், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை ஒன்றின் பெயரால் அந்தப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உண்ணவில்லை, எவரையும் ஏமாற்றவுமில்லை. தன் உடலைப் பற்றிய செய்தி ஊரெங்கும் பேசப்பட, வாழ்வையே வெறுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். அந்நிலையிலும் அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்ததை மறக்கலாகாது. பின்னர் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார். கைவிடப்பட்டவர் பிறரைக் கைவிடவில்லை. இது நம்மை வெட்கப்படுத்த வேண்டாமா?

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் பந்தயச்சாலையை எடுத்துக்காட்டுகிறார். கொரிந்துவுக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவனுக்குத் தழையால் பின்னிய கிரீடம் சூட்டினார்கள். சில நாட்களில் அது வாடிவிடும். வாடும் கிரீடத்துக்காக அவர்கள் கடைப்பிடித்த இச்சையடக்கத்தைப் பவுல் இகழவில்லை. விசுவாசிகளுக்கு மாதிரியாகவே வைத்தார். அதிகாலைப் பனியில் எழுந்து ஓடும் பிள்ளையிடம் நாமும் கற்றுக்கொள்ளலாம். அதே சமயம், தழைக் கிரீடம் வாடும் என்பதையும் அவளுக்கு அன்போடு சொல்லித்தர வேண்டும். ஓடுகிற எல்லாரும் பதக்கம் பெறுவதில்லை. பதக்கம் அவளுடைய விலையும் அல்ல. நான்காவதாக வந்தபோதும் அவள் கர்த்தருக்கு அருமையானவளே. இதை நாம் வாயால் சொன்னால் போதாது. தோற்றுத் திரும்பும் நாளில் அவளுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தால் அவள் நம்புவாள்.

ஆகையால் சபையாரிடம் சிலவற்றை வேண்டிக்கொள்கிறேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு சிறு பங்கை, விளையாடும் பிள்ளைகளின் காலணிக்கும் சத்துணவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒதுக்கும்படி சபைக் கமிட்டியில் கேட்கப்போகிறேன், ஆதரவு தாருங்கள். பெண்பிள்ளைகள் போட்டிக்குச் செல்லும்போது தாய்மாரில் ஒருவர் உடன்செல்லட்டும். பதினான்கு வயதுப் பிள்ளையின் காதுபடக் கலியாணப் பேச்சு எடுப்பதை நிறுத்துவோம்; சட்டமும் 18 வயதுக்கு முன் அதற்கு இடம் தரவில்லை. அந்தத் தகப்பனாரைக் குற்றப்படுத்தும் சொல்லோடு சந்திக்காமல், தேர்வு நாளில் தோட்டத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லோடு சந்திப்போம்.

சென்ற வாரம் நான் அவள் வீட்டுக்குச் சென்றேன். அன்று கேட்கத் தவறியதைக் கேட்டேன். முதல் சுற்றில் முன்னால் இருந்ததையும், கடைசி நூறு மீட்டரில் மூச்சு வாங்கியதையும், மூன்றாவதாக வந்தவளோடு கைகுலுக்கியதையும் அரைமணி நேரம் சொன்னாள். அடுத்த முறை முதல் சுற்றில் மெதுவாக ஓடப்போகிறாளாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், "ஐயா, நீங்க அடுத்த தடவை பார்க்க வருவீங்களா?" என்றாள்.

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் என்னோடு அந்த முதல் பேருந்தில் ஏறுவீர்கள்?

நம் பிள்ளைகளின் கால்களைக் கர்த்தர் காப்பாராக. ஆமென்.