கூலன்ட் மாற்றினா ஷொக் அடிக்குமா?

"ஹைபிரிட்ல கை வைக்காதீங்க, ஷொக் அடிக்கும்." குண்டசாலையில் பழைய பிரியஸ் வைத்திருக்கிற எல்லாரும் கேட்ட வசனம் இது. வருசக்கணக்கா இந்தப் பயத்துக்குத்தான் நாங்க பில் கட்டுறோம்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழசை ஓட்டச் சொன்னவங்க, அதைப் பராமரிக்கிற அறிவை மட்டும் தரல்ல.

மூன்றாம் தலைமுறை பிரியஸில் கூலன்ட் ஓடுற பாதை இரண்டு: ஒன்று என்ஜினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு. ஆபத்து இருக்கிறது செம்மஞ்சள் வயர்களில். கூலன்ட் மாற்ற அதைத் தொடத் தேவையே இல்ல. காரை ஓஃப் பண்ணி, முழுசா ஆறவிட்டு, கையேடு சொல்ற கூலன்டையே ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றணும். காற்று நின்றா சூடேறும். குழாய்த் தண்ணி ஊற்றினா துருப்பிடிக்கும். மந்திரம் ஒன்றுமில்ல. முதல் தடவை மட்டும் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில வச்சுக்கொள்ளுங்க.

ஆனா பழைய கூலன்டைக் கானில் ஊற்றுறதா இருந்தா, ஸ்பேனரைத் தொடாதீங்க. அது இனிக்கிற நஞ்சு, நாய் நக்கினா செத்துப்போகும். எங்க ஊர்த் தண்ணி போய்ச் சேர்றது மகாவலிக்கு.