கரை மீண்ட தண்டயல்

கடற்படையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவர் முதிர்ந்த வயதிற் காலமானால், அவருடைய வாழ்க்கையை எழுதுவது கடினமன்று. சேவையிற் சேர்ந்த நாள், ஏறிய கப்பல்கள், வகித்த பதவிகள் யாவும் அரசாங்க ஏடுகளிற் பதிவாகியிருக்கும். 1950ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நிறுவப்பெற்ற றோயல் இலங்கைக் கடற்படையை, 1960 முதல் 1970 வரை தலைமையேற்று நடத்தியவர் றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர். இச்செய்தியை இன்றைய மாணவன் ஒருவன் சிறிது முயன்றால் அறிந்துகொள்ளலாம்.

ஆனால், நம் குடாநாட்டின் வடகரையிலே பதக்கமும் ஓய்வூதியமுமின்றி ஆயுள் முழுவதும் கடலோடி, அவ்வுழைப்பாற் குடும்பங்களை வாழவைத்த மூத்தோர் பலர் இருந்தனர். அவர்களை நினைவுகூர நம்மிடம் என்ன ஏடு இருக்கிறது?

வல்வெட்டித்துறையிற் கப்பற்றலைவனுக்குத் ‘தண்டயல்’ என்று பெயர். உள்ளூர் மேத்திரிமார் கட்டிய பாய்க்கப்பல்களை நடத்தி, அவர்கள் நாகபட்டினத்துக்கும், காக்கிநாடாவுக்கும், வங்கக் கடலுக்கு அப்பால் இரங்கூனுக்கும் சென்றனர். புகையிலையும் பனஞ் சிலாகையும் ஏற்றிச் சென்று, அரிசியும் ஓடும் தேக்கு மரமும் கொண்டுவந்தனர். நம் பழைய வீடுகளில் இன்றும் நிற்கும் தேக்கந் தூண்களிற் பல அவர்கள் கொணர்ந்தவையே.

அவர்களின் பெருமைக்குச் சான்று ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் கப்பல். வல்வெட்டித்துறையில் வேப்பமரங்கொண்டு கட்டப்பெற்ற அதன் நீளம் 89 அடி. சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அக்கப்பல் 1937இற் புறப்பட்டு, சூயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் மாகடலையும் தாண்டி, 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்திறங்கிய வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர். அவர்களின் தலைவர் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவ்வூர்ப் பத்திரிகைகள் இவர்களை வியந்து எழுதின. அந்நிய நாடு அன்று எழுதிவைத்தமையாலேதான் அவ்வைவரை நாம் இன்று பெயர் சொல்லி அறிகிறோம். ஆண்டுதோறும் வங்கக் கடலைக் கடந்த ஏனைய தண்டயல்மாரை யார் எழுதினர்?

கடலோடியின் வாழ்வு கடலில் மட்டும் நிகழ்ந்ததன்று. அவன் சோளகக் காற்றில் எங்கோ ஒரு துறையிற் சரக்கு இறங்கும்வரை காத்திருக்கையில், வீட்டை நடத்தியவள் மனைவி. கடனைக் கணக்கிட்டு அடைத்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், முதியோரைப் பேணியதும் அவளே. கடிதம் வந்தால் வரும். வராத நாட்களில் முத்துமாரியம்மன் சந்நிதியே அவளுக்குத் தந்தி நிலையம். வாடைக் காற்றுப் பெருகிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் கப்பல்கள் ஓய்ந்திருக்கும். அப்பொழுதுதான் பாய் தைப்பதற்கும் கலப்பற்று அடிப்பதற்கும் ஆண்கள் ஊரிலிருப்பர். பிள்ளைகளுக்குத் தந்தை கிடைத்த மாதங்கள் அவை. ஆகவே, ஒரு தண்டயலின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவன் கண்ட துறைகளைக் கேட்பதுடன், அவனில்லாத வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

நீராவிக் கப்பல்கள் பெருகியமையாலும், சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் சுங்கக் கட்டுப்பாடும் இறுகியமையாலும் பாய்க்கப்பல் வாணிபம் மறைந்தது. பின்னர்ப் போர் வந்தது. தலைமுறைகள் உலவிய கடல் தடைசெய்யப்பட்ட கடலாயிற்று. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வு உட்பட, மக்கள் ஊரை விட்டு ஓடிய ஒவ்வொரு முறையும், கையில் எடுக்க முடிந்தது சிறிது. விட்டுச் சென்றது பெரிது. சரக்குக் கணக்குக் கொப்பிகள், பழைய படங்கள், இரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் முதலியன பெட்டகங்களோடு அழிந்தன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதற்கும் காலம் அதிகமில்லை.

நம் வழக்கப்படி, ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் அச்சிடுகிறோம். அதிற் பிறந்த திகதியும், உற்றார் வரிசையும், அனுதாபச் செய்திகளும் நிரம்பியிருக்கும். அவர் எந்தக் கப்பலில் ஏறினார், எந்தப் புயலிற் தப்பினார், முதற் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினார் என்பவை அதில் இருப்பதில்லை. இவற்றை எழுத வேண்டிய நேரம் முப்பத்தோராம் நாளன்று. அவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் நாள்.

மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ சென்று அமருங்கள். “அப்பு, முதன்முதல் எந்தக் கப்பலில் ஏறினீர்கள்?” என்று கேளுங்கள். “ஆச்சி, அப்பு கடலுக்குப் போன காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தே, படத்திலிருப்போர் பெயரையும் ஆண்டையும் பென்சிலாற் குறித்து வையுங்கள். இதற்குப் பொருட்செலவில்லை, ஒரு பிற்பகல் போதும்.