ஒற்றைத் தலைவலிக்கு மூலிகை: எங்கள் நிலைப்பாடு

ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுவோரும் அவர்களுக்கு வைத்தியம் பார்ப்போரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தில் ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: மாத்திரையை விட்டு மூலிகைக்கு மாறலாமா? எங்கள் பார்வையில் மூலிகையும் மருந்துதான். பலன் உண்டா, தீங்கு உண்டா என்று மாத்திரையைப் பற்றிக் கேட்பதையெல்லாம் அதைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

பட்டர்பர் என்ற ஐரோப்பியச் செடியின் கிழங்குச் சாறு தலைவலியை நன்றாகவே தடுத்தது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-இல் அதற்கு உச்சத் தரப் பரிந்துரை அளித்தது. 2015-இல், கல்லீரல் பாதிப்பு குறித்த கவலையால் அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டது. அச்செடியில் இயல்பாகவே உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுப்பவை. இணையத்தில் அது இன்றும் விற்பனையாகிறது என்பது எங்களைக் கலங்கவைக்கிறது. எந்த வடிவிலும் அதை உட்கொள்ளாதீர்கள்.

சாமந்திக் குடும்பத்து ஃபீவர்ஃபியூவுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. கிடைக்கும் பலன் சிறியது. கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.

நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுவதை நாங்கள் தடுக்கவில்லை. தோல் எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். இஞ்சித் தூளையும் சுமட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரையையும் 100 பேரிடம் ஒப்பிட்ட ஈரானியச் சோதனை 2014-இல் வெளியானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலியைத் தணித்தன. ஆனால் வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த பிரிவு அதில் இல்லை. அதனால் வலி தொடங்கும்போது சுக்குக் கஷாயம் குடியுங்கள் என்போம். அதை நம்பி மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டோம்.

மாத்திரை மீதுள்ள அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால் அதுவே தலைவலியை வளர்த்துவிடும். அந்த நிலைக்கு வந்தவர்கள் பெயர் தெரியாத சூரணத்தைத் தேடாமல், புரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்து தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தலைவலிக்கு மூலிகை விற்பவர்கள் எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். அப்படி அச்சிடாத எதையும் வாங்க வேண்டாம் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவருகிறோம். திடீரென இடி விழுந்ததுபோல் வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த மருந்தையும் தேடாமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.