லினக்ஸில் நெட் இழுக்குதா? ஐபிவி6-ஐ உடனே அணைக்காதீங்க

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அதே வைஃபையில் போன் பறக்கிறது. டெபியன் போட்ட லேப்டாப்பில் மட்டும் லிங்கைத் தட்டினால் வெள்ளைத் திரை. ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணிய பிறகு பக்கம் மொத்தமாக வந்து விழுகிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிடு, சரியாயிடும்."

பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். அதனாலேயே எது கெட்டிருந்தது என்று யாரும் தேடுவதில்லை.

பழைய ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதன் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால்தான் ஐபிவி6. ஒரு தளத்துக்கு இரண்டு முகவரியும் இருந்தால் லினக்ஸ் பொதுவாகப் புதியதைத்தான் முதலில் முயலும். ரவுட்டர் ஐபிவி6 முகவரியைக் கொடுத்துவிட்டு வெளியே போக வழி விடாவிட்டால்? குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாம் கால் நொடி அளவில் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய வழிக்குத் தாவிவிடும். டெர்மினலில் ஓடும் சாதாரண பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பதிலே வராத இணைப்பை லினக்ஸ் தானாகக் கைவிட 2 நிமிடம்கூட ஆகும்.

அப்படியானால் பிரவுசரே 5 நொடி நிற்பது ஏன்? அங்கே சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ்ஸை. தளத்தின் பெயரைக் கொடுத்து இரண்டு வகை முகவரியையும் லினக்ஸ் ஒரே நேரத்தில் கேட்கும். சில மலிவு ரவுட்டர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். லினக்ஸ் மறுபடி கேட்பதற்கு முன் காத்திருக்கும் நேரம், மாற்றாத வரை, சரியாக 5 நொடி.

கண்டுபிடிப்பது எளிது. கர்ல் கட்டளையை -4 போட்டு ஒருமுறை, -6 போட்டு ஒருமுறை, எதுவும் போடாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். -6 மட்டும் தொங்கினால் பாதையில் கோளாறு. தனித்தனியே இரண்டும் உடனே வந்து, எதுவும் போடாதபோது மட்டும் இழுத்தால் டிஎன்எஸ்தான். நெட்வொர்க் செட்டிங்ஸில் ரவுட்டருக்குப் பதிலாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாதைக் கோளாறுக்கும் முழுசாக அணைக்கத் தேவையில்லை. இடிசி ஃபோல்டரில் ஜிஏஐ டாட் கான்ஃப் என்றொரு ஃபைல் உண்டு. ஐபிவி4-க்கு முன்னுரிமை தரும் வரி, கடைசியில் 100 என்று முடிவது, அதிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்தால் போதும்.

இந்தியாவில் இணையம் பார்ப்பவர்களில் பாதிக்கும் மேல் ஐபிவி6 வழியாகத்தான் வருகிறார்கள். ஜியோ ஹாட்ஸ்பாட்டில் அதை அணைத்தால் எல்லாமே முகவரி மாற்றும் சர்வர்களைச் சுற்றித்தான் போக வேண்டும். வீட்டு ரவுட்டருக்காக இன்று அணைத்ததை, ஆறு மாதம் கழித்து ரயிலில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

கஸ்டமர் கேரில் "நெட் ஸ்லோ" என்றால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். "ஐபிவி6 முகவரி வருது, வெளியே போக மாட்டேங்குது" என்று புகாரிலேயே எழுதச் சொல்லி, புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.