இன்னொரு ஊரில் ஒரு பிரதி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தளத்துக்குள் இடுப்பளவு ஏறியபோது, என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையும் அந்த டிஸ்க்கிலும் இருந்தன. மாதம் ஒருமுறை தவறாமல் நகலெடுத்து வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு இழுப்பறையை இழுத்தால் வரவில்லை, பலகை ஊறி உப்பியிருந்தது. திருப்புளியால் நெம்பித் திறந்தபோது டிஸ்க்கின் உறைக்குள்ளிருந்து சேறு வழிந்தது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அதை வாங்கிக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே சலசலத்தது. "இன்னொரு காப்பி இருக்குல்ல சார்?" என்று கேட்டார். அந்த இன்னொரு காப்பிதான் இது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று தோற்றது டிஸ்க் என்று சொல்ல மாட்டேன், என் கணக்கு. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் விவரங்களைப் பார்த்தால், ஓர் ஆண்டில் நூறு டிஸ்க்குகளில் ஒன்றோ இரண்டோதான் பழுதாகின்றன. தனித்தனியான இரண்டு டிஸ்க்குகள் ஒரே ஆண்டில் சாவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு, கூடிப்போனால் நான்கு. ஆனால் அந்தப் பெருக்கல் செல்லுபடியாக இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே மேசையில் வைத்த கணமே அவை இரண்டு என்ற தகுதியை இழந்துவிடுகின்றன. வெள்ளத்துக்கும் தீக்கும் திருடனுக்கும் அது ஒரே சாமான்தான்.

இந்தப் பாடம் நம் ஊரில் புதிதல்ல. பனையோலை நம் புழுக்கத்திலும் கரையானிலும் சில நூற்றாண்டுகள் தாங்கினால் பெரிது. மஞ்சள் பூசினார்கள், எண்ணெய் தடவினார்கள், வசம்பு வைத்தார்கள். இவையெல்லாம் ஓலையின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டின, அவ்வளவுதான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சுக்குக் கொண்டுவந்தபோது அவர் கைக்கு வந்த ஏடு எதுவும் அந்த நூல் பிறந்த காலத்து ஏடு அல்ல. பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி, அதைப் பார்த்து எழுதிய இன்னொரு பிரதி. எழுத்தாணி பிடித்த யாரோ ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை உட்கார்ந்து எழுதியதால்தான் கபிலரும் பரணரும் நமக்கு வாய்த்தார்கள். ஓலை உறுதியானது என்று நம்பி எழுதாமல் விட்ட வீடுகளில் நூல் ஓலையோடு போயிற்று.

போன நூல்களின் கதையையும் உ.வே.சா.வே எழுதி வைத்திருக்கிறார். வளையாபதி ஏட்டைத் தம் இளமையில் திருவாவடுதுறையில் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அப்போது அவருக்குப் பழைய காப்பியங்களில் நாட்டமில்லை. பிற்காலத்தில் தேடி அலைந்தபோது அது எங்கும் கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இன்னும் மோசம். அங்கே குவிந்து கிடந்த பழைய ஏடுகளை, ஆகமப்படி என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள். அலட்சியத்தால் அழிந்தவை ஒரு பக்கம், அளவுக்கு மீறிய பக்தியால் அழிந்தவை இன்னொரு பக்கம். லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஆயுத பூஜை செய்துவிட்டு, அதிலுள்ள கோப்புகளை ஒருநாளும் நகலெடுக்காத வீடுகளை நினைத்துக்கொள்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு ஏடுகளை வெளியே எடுப்பார்களே, அதில் தூசு தட்டி அரித்ததைக் கண்டுபிடிக்கும் வேலையும் சேர்ந்திருந்தது.

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் திரும்ப வாங்க முடிந்தது, இல்லாதவை போனவைதான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் பரப்பியதன் பின்னால் அந்தத் தீயின் நினைவு இல்லாமலா இருக்கும்?

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதையெல்லாம் தனியே, தங்கள் செலவில், மறுபடியும் கற்றார்கள். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறான இடத்தில் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் நாயகப் பொம்மையான உட்டியின் தொப்பி, பிறகு காலணி, பிறகு உட்டியே என்று படம் கண் முன்னால் மறையத் தொடங்கியது. பதறிப்போய் சர்வரை நிறுத்தினார்கள். பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தால், அது பல நாட்களாக ஒழுங்காகப் பதியவே இல்லை. யாரும் திறந்து பார்த்ததும் இல்லை. காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கம்ப்யூட்டர். குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் அவரிடம் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருவதுபோல் மெதுவாக ஓட்டி வந்தார்கள். (பிறகு அந்தக் கதையையே பெரும்பாலும் மாற்றிப் புதிதாக எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) பெரிய நிறுவனத்தின் முறைப்படியான ஏற்பாடு தோற்ற இடத்தில் தற்செயலாக வேறொரு வீட்டில் இருந்த பிரதி நின்றது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் காகிதத்தில் இருந்தன. ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. தென் கொரியாவில் அதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து பிடித்த தீ, அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவை அழித்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளியே பிரதி எடுக்காமலே விட்டிருந்தார்கள். 'கிளவுட்' என்று சொன்னதும் நமக்கு மேகம் நினைவுக்கு வருகிறது; அது யாரோ ஒருவருடைய கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர், அந்தக் கட்டடத்துக்கும் தீப்பிடிக்கும்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த டிஸ்க் வாங்கலாம், எந்த கிளவுட் நல்லது என்று. சாமானைப் பற்றிய கேள்வி. ஃபிளாப்பி வந்தபோது கேட்டோம், 1.44 மெகாபைட், சிடி வந்தபோது கேட்டோம், 700 மெகாபைட், நூறாண்டு இருக்கும் என்றார்கள். என் அலமாரியில் இருந்த சிடிகளில் பாதி பத்தாண்டுகூட நிற்கவில்லை, மீதிப் பாதியைப் போட்டுப் பார்க்க வீட்டில் டிரைவ் இல்லை. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2000களில் பரப்பிய ஒரு வாய்ப்பாடு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். எந்த டிஸ்க் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடத்துக்கு ஒன்று, புலவர் வீட்டுக்கு ஒன்று, அடுத்த ஊர் ஆதீனத்துக்கு ஒன்று என்று ஏடு பரவியதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றைத் தானே ஒத்திசையும்படி வைத்துவிட்டு பேக்கப் முடிந்தது என்று இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது முகம் பார்க்கும் கண்ணாடி. இங்கே மீசையை மழித்தால் கண்ணாடிக்குள்ளும் மீசை போய்விடும். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். அழிந்ததை நாம் கவனிப்பதோ அடுத்த வருமான வரிக் கணக்கின்போது. இரண்டாண்டு தொடாமல் விட்ட கணக்கையே நீக்கலாம் என்று கூகுள் 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது. பாஸ்வேர்டைத் தம்மோடு கொண்டுபோன பெரியவர்களின் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் மூன்றில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் வசதி உள்ளதாக அது இருக்க வேண்டும்.

எப்போதும் செருகியே வைத்திருக்கும் வெளி டிஸ்க்கும் அப்படித்தான் ஏமாற்றும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் நிரல்கள், கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். நகலெடுத்ததும் கழற்றிவிட வேண்டும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் 2007 முதல் டைம் மெஷின் என்று தானே நகலெடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன; மறதிக்காரர்களுக்கு அவை வரம். தரவு மீட்கும் கடை இருக்கிறதே என்ற தைரியமும் இப்போது பழையதாகிவிட்டது. சுழலும் தட்டு உள்ள டிஸ்க்கில் அழிந்த கோப்பைப் பல சமயம் தோண்டி எடுக்கலாம். இன்றைய எஸ்எஸ்டி அழித்த இடத்தைத் தானே துடைத்து வைத்துவிடுகிறது.

பிரதி இருப்பதும் அதை வாசிக்க முடிவதும் வேறு வேறு. ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எகரமா ஏகாரமா என்று உருவத்தில் தெரியாது. ஏடு முழுசாகக் கையில் இருந்தாலும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நம் தலைமுறைத் தமிழ்க் கோப்புகளுக்கும் இதே விதி. 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. அன்று தட்டச்சு செய்த கட்டுரையை இன்று திறந்தால் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளும் கேள்விக்குறிகளும்தான் வருகின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாப், டாம் என்று தரம் வகுத்தது. அதுவும் கடந்துபோய் யூனிகோடு நிலைத்தது. என் பழைய கட்டுரைகளை ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். அலுப்பான வேலை. மாற்றியதோடு நிற்காமல் மூலத்தோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் மாற்றும் நிரல் எங்கள் ஊர்ப் பெயரையே பிழையாக்கியிருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு மிஞ்சியது, திருச்சியில் இருக்கும் தங்கை எப்போதோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போன படங்கள் மட்டும். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க். ஒன்று அவள் வீட்டு பீரோவில், ஒன்று இங்கே. பொங்கலுக்குச் சந்திக்கும்போது மாற்றிக்கொள்கிறோம். மாற்றும் முன் ஏதாவது ஒரு ஃபோல்டரை முழுக்கத் திறந்து பார்ப்பது என்று ஒப்பந்தம். ஏடு எழுதி முடித்தவர்கள் கடைசி ஓலையில் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதியது என்று குறித்து வைப்பார்கள். அந்த நினைவில் டிஸ்க்கின் முதுகில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். போன தையில் அவள் கொண்டுவந்த டிஸ்க்கில் பேனாவால் எழுதியிருந்தாள்: "2011 திறந்து பார்த்தேன். கோயில் படம் ரெண்டு வரவில்லை, அண்ணா."

அந்த இரண்டும் என் டிஸ்க்கில் திறந்தன. எடுத்து அவளுடையதில் போட்டுவிட்டு, தாளில் தேதி எழுதினேன்.