சிவப்பாகத் தெரிவதெல்லாம் ஆபத்து அல்ல

"குழாய்க்குள்ளேயே கேமரா விட்டுப் பார்த்தாச்சு, இனிமே சந்தேகமே வேண்டாம்." இதய சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே போய் எடுத்த படம் பொய் சொல்லாது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு, நோயாளியின் உடம்பில் தேவையில்லாத ஸ்டென்ட்டைக் கொண்டுபோய் வைக்கக்கூடிய தவறு.

அவர்கள் கேமரா என்று சொல்லும் ஐவஸ், அதாவது ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மீயொலிக் கருவி, கேமரா அல்ல. சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயின் நுனியிலிருந்து மீயொலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணினி படமாக வரைகிறது. ரத்தக்குழாயின் அகலத்தை அளக்கவும், வைத்த ஸ்டென்ட் சரியாக விரிந்ததா என்று பார்க்கவும் இது அருமையான கருவி. கொரியாவில் 1,400 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நீளமான அடைப்புகளுக்கு ஐவஸ் பார்த்து ஸ்டென்ட் வைத்தபோது ஓராண்டுக்குள் வந்த சிக்கல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அந்த வேலைக்கு ஐவஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்து நிற்பேன்.

என் கண்டனம் வண்ணப் படத்தின் மேல்தான். 'விர்ச்சுவல் ஹிஸ்டாலஜி' என்ற மென்பொருள், எதிரொலியின் அலைவரிசையை அலசி, கொழுப்புப் படிவு எதனால் ஆனது என்று நிறம் பூசிக் காட்டுகிறது. அதன் நான்கு நிறங்களில் முக்கியமானவை: நார்த்திசு பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, செத்துப்போன திசு சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் 'எந்த நேரமும் வெடிக்கும்' என்று குடும்பமே நடுங்குகிறது. ஆனால் படிவில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிறங்களில் ஒன்றைப் பூசியே ஆகவேண்டும் என்பது அந்த மென்பொருளின் விதி. 'தெரியவில்லை' என்பதற்கு அதில் நிறமே கிடையாது. ரத்தக்கட்டிக்கும் கிடையாது. மருத்துவரே வைத்த ஸ்டென்ட்டின் உலோகக் கம்பியை அது சுண்ணாம்பு என்று வெள்ளையாகவும், அதைச் சுற்றிச் செத்த திசு என்று சிவப்பாகவும் காட்டுகிறது. உலோகத்தை இப்படிப் படிக்கும் கணக்கு, சுண்ணாம்புக்குப் பக்கத்தில் பூசும் சிவப்பை எப்படி அப்படியே நம்புவது? 2010இல் பன்றிகளின் இதயக் குழாய்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மென்பொருள் காட்டிய சிவப்பின் அளவுக்கும் நுண்ணோக்கியில் கண்ட செத்த திசுவின் அளவுக்கும் தொடர்பே இல்லை.

சரி, சிவப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 697 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான 'ப்ராஸ்பெக்ட்' ஆய்வில், வெடிக்கும் வகை என்று இந்த முறை முத்திரை குத்திய படிவுகளில், மூன்று ஆண்டுக்கு மேல் கவனித்தும், தொல்லை கொடுத்தவை 100க்கு 5கூட இல்லை.

நிறம் பூசாத, ஐவஸின் வழக்கமான கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் எல்லை உண்டு. சுண்ணாம்புக்குப் பின்னால் கருநிழல்தான் விழும். அங்கே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கருவி குழாயில் சாய்ந்து கிடந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே ஸ்டென்ட் என்று பல காலம் பேசினார்கள். அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் அழுத்தக் கம்பி வைத்து அளந்தபோது, அப்படிப்பட்ட பல குழாய்களில் ரத்தம் தாராளமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே நடுத்தர அடைப்பு ஒன்றை ஐவஸ் படத்தில் காட்டி ஸ்டென்ட் வைக்கச் சொன்னால், நெஞ்சுவலியோ மாரடைப்போ இல்லாத நோயாளியின் குடும்பம் தயங்காமல் கேட்கட்டும்: "டாக்டர், ரத்த ஓட்டம் குறையுதான்னு அளந்து பார்த்தீங்களா?" அதற்குப் பதில் சொல்வது மருத்துவரின் கடமை.